ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் சேர்ப்பது: தச்சு பழக வருபவர்களுக்கு

பழைய வீட்டு வாசல் நிலையை உற்றுப் பாருங்கள். மேல்சட்டமும் நிலைக்காலும் சேருகிற மூலையில் பெரும்பாலும் இரும்பு ஆணியே தென்படாது. ஒரு கட்டையின் நுனி இன்னொரு கட்டைக்குள் போய் உட்கார்ந்திருக்கும், அதைக் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி பிடித்திருக்கும். அப்படிச் செய்த நிலைகள் இரண்டு மூன்று தலைமுறையைத் தாங்கி நிற்கின்றன. அதே வேலையை ஒரு சின்ன ஸ்டூலிலோ படச் சட்டத்திலோ பெட்டியிலோ தானே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இணைப்பு வகைகள் ஏராளம். ஆரம்பிக்கிறவருக்கு மூன்று போதும்: பாதி வெட்டு, கழுந்தும் துளையும், புறாவால். இவற்றோடு காடி, அதாவது நீளமான பள்ளம், எடுக்கவும் தெரிந்துவிட்டால் வீட்டுச் சாமான்களில் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கைவலிமைக்கு அதிக இடமில்லை. கோடு எங்கே, எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்பதில்தான் இணைப்பு நிற்பதும் ஆடுவதும் தீர்மானமாகிறது. அதனால் வெட்டுவதைவிடக் கோடு போடுவதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் மரத்தின் குணம்

மரம் என்பது நெருக்கமாகக் கட்டிய துடைப்பக் குச்சிகள் மாதிரி, நீளவாக்கில் ஓடும் நார்களின் கட்டு. நாரின் பக்கவாட்டில் பசை தடவி இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும். கட்டையை அறுத்த முனையில் நார்களின் வாய் திறந்திருக்கும். அங்கே தடவிய பசையை மரம் உறிஞ்சிவிடும், பிடிப்பு குறையும். பெரும்பாலான இணைப்புகள் பிறந்ததே இதனால்தான். அறுத்த முனையை நம்பாமல், நாரின் பக்கம் நாரின் பக்கத்தோடு ஒட்டும்படி மரத்தை வெட்டிக்கொள்வதுதான் அவை எல்லாவற்றுக்கும் பொதுவான யோசனை.

இரண்டாவது குணம், மரம் அசையும். ஐப்பசி மழையில் கதவு இறுகுவதும் சித்திரையில் அதே கதவு இடைவெளி விடுவதும் எல்லோருக்கும் தெரியும். நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். அதிலும் வருட வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் ஏற்படுவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓர் அடி அகலமுள்ள பலகை மழைக்கும் வெயிலுக்கும் இடையே ஒரு நூல் வரைகூட மாறலாம். ஓர் அங்குலத்துக்கு 8 நூல், அதாவது ஒரு நூல் சுமார் 3 மில்லிமீட்டர். பட்டறையில் எல்லோரும் பேசுகிற கணக்கு இது, நானும் அதிலேயே சொல்கிறேன்.

பழக என்ன மரம், என்ன கருவி

தேக்கில் பழகாதீர்கள். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. முதல் சில துண்டுகள் விறகுக்குத்தான் போகும் என்று தெரிந்தால் கை தயங்காமல் வேலை செய்யும். பேக்கிங் பெட்டிக்குப் பயன்படுத்தும் பைனோ, நீலகிரி, கொடைக்கானல் பக்கத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கிற சில்வர் ஓக்கோ கிடைத்தால் போதும். வேம்பு நல்ல மரம்தான், ஆனால் அதன் நார் பின்னிப் பின்னி ஓடும், உளி ஒரே திசையில் போகாது. கொஞ்சம் பழகியபின் அதைத் தொடலாம். எந்த மரமானாலும் நார் நேராக ஓடுகிற, முடிச்சு இல்லாத, நன்றாகக் காய்ந்த துண்டாகப் பாருங்கள். பச்சை மரத்தில் செய்த இணைப்பு காயக் காயத் தளரும்.

மரக்கடையில் 2 அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் சில சட்டங்கள் வாங்கி, நாலு பக்கமும் பிளேனிங் போட்டு, அதாவது மெஷினில் இழைத்துத் தரச் சொல்லுங்கள். பிளேனிங் போட்டபின் அளவு ஒரு நூல், ஒன்றரை நூல் குறைந்திருக்கும். அதில் ஏமாற்றம் ஒன்றுமில்லை, எல்லா மில்லிலும் அப்படித்தான்.

கருவிகளில் இவை வேண்டும்: பல் நெருக்கமான ரம்பம் ஒன்று, முடிந்தால் முதுகில் தகடு வைத்தது. அரை அங்குலத்திலும் ஓர் அங்குலத்திலும் ஒவ்வொரு உளி. உளியை அடிக்கக் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தி. செங்கோணம் பார்க்க மூலைமட்டம். ஓரத்துக்கு இணையாகக் கோடு கீற, நகர்த்தி வைக்கும் கட்டையும் முள்ளும் உள்ள மார்க்கிங் கேஜ். கோடு கீற ஒரு கூரான கத்தி. மரத்தைச் சீவிச் சமமாக்க ஒரு சின்ன இழைப்புளி. இரண்டு சி கிளாம்ப். தீட்டுவதற்கு ஒரு கல். மெஷின் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ரவுட்டரும் டேபிள் சாவும் வேகத்தைத் தரும். ஆனால் இணைப்பு ஏன் பிடிக்கிறது என்பது கையால் வெட்டும்போதுதான் புரியும்.

மூலைமட்டத்தை வாங்கும்போதே சோதித்துவிடுங்கள். நேரான ஓரமுள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு போடுங்கள். பிறகு மட்டத்தைத் திருப்பிப்போட்டு அதே இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்துகொண்டே போனால் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

புது உளி கூராக இருக்காது. முதலில் அதன் தட்டையான முதுகை, வாய்ப்பக்கம் ஓர் அங்குலம் வரை, கல்லில் பரவலாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு சாய்ந்த முகத்தை 25 டிகிரி வாக்கில் தீட்டி, கடைசியாக 30 டிகிரியில் சில இழுப்பு. முதுகுப் பக்கம் விரலை வைத்துத் தடவினால் ஒரு மெல்லிய பிசிர் தட்டுப்படும். அது வாய் முழுக்க வந்திருந்தால் தீட்டியது போதும். முதுகைக் கல்லில் தட்டையாக வைத்து அதை எடுத்துவிடுங்கள். பைன் கட்டையின் அறுத்த முனையை அந்த உளியால் சீவிப் பாருங்கள். முகம் பளபளப்பாக வந்தால் வேலைக்குத் தயார். நார் நசுங்கிப் பொடிப்பொடியாக வந்தால் மறுபடி கல்லுக்குப் போங்கள். மழுங்கிய உளிதான் கையைக் கிழிக்கும், ஏனென்றால் அதைத் தள்ளக் கூடுதல் பலம் வேண்டியிருக்கும். இன்னொன்று, உளி போகிற வழியில் உங்கள் இன்னொரு கை ஒருபோதும் இருக்கக்கூடாது. வேலைத்துண்டைக் கையால் பிடிக்காதீர்கள், கிளாம்ப் போடுங்கள்.

கோடு போடுவது

ஒவ்வொரு கட்டையிலும் நல்ல முகம் ஒன்றையும் அதை ஒட்டிய நல்ல ஓரம் ஒன்றையும் தேர்ந்தெடுத்துப் பென்சிலால் குறி போட்டுக்கொள்ளுங்கள். இனி மூலைமட்டத்தின் கட்டையும் மார்க்கிங் கேஜின் கட்டையும் அந்த இரண்டு பக்கங்களில் மட்டுமே சாய வேண்டும். ஒரு கோட்டை இந்தப் பக்கமிருந்தும் அடுத்ததை எதிர்ப்பக்கமிருந்தும் எடுத்தால், கட்டையின் கனத்தில் இருக்கும் சின்ன வித்தியாசமெல்லாம் இணைப்பில் வந்து நிற்கும்.

பென்சில் குறிப்புக்கு மட்டும். வெட்ட வேண்டிய கோட்டைக் கத்தியால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்கு ஒரு தடிமன் உண்டு, அதில் எந்தப் பக்கம் வெட்டுவது என்ற குழப்பம் வரும். கத்திக் கீறலுக்கு அந்தக் குழப்பமில்லை. மேல் நார்களை அது முன்கூட்டியே அறுத்துவிடுவதால் ரம்பம் போகும்போது ஓரம் சிராய் எழும்பாது. உளியின் வாயும் அந்தக் கீறலில் தானாகப் போய் உட்காரும்.

அளவை டேப்பில் படித்து எழுதிக்கொண்டு போய் இன்னொரு கட்டையில் குறிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டை உள்ளே போகப்போகிறதோ அதையே மேலே வைத்து இரு ஓரத்திலும் கத்தியால் கீறுங்கள். எண் நடுவில் வராதபோது தப்பு நுழைய வழியே இல்லை.

கடைசியாக, நீக்க வேண்டிய பகுதியில் பெரிதாகப் பெருக்கல் குறி போடுங்கள். ரம்பத்தின் பல் தன் கனத்துக்கு மரத்தைத் தின்னும். அந்தப் பள்ளம் குறி போட்ட பக்கம்தான் விழ வேண்டும், கோடு கட்டையிலேயே மிஞ்ச வேண்டும். ஆரம்பத்தில் இணைப்பு தளர்வாக வருவதற்கு முக்கியக் காரணம், கோட்டின் மேலேயே அறுத்துவிடுவதுதான்.

முட்டு இணைப்பு

ஒரு கட்டையின் முனையை இன்னொன்றின் பக்கத்தில் முட்ட வைத்து ஆணியோ ஸ்க்ரூவோ போடுவது. மேலே சொன்ன காரணத்தால் பசை பிடிக்காது, அறுத்த முனைக்குள் போகும் ஸ்க்ரூவுக்கும் பிடிப்பு குறைவு. தற்காலிகப் பெட்டிக்கும் பந்தல் வேலைக்கும் சரி. உட்காரும் சாமானுக்கு வேண்டாம். இதையே 45 டிகிரியில் சாய்த்து வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், வலிமை பெரிதாக அதிகரிக்காது. படச் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாதி வெட்டு

கை பழக இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப்போகும் இரண்டு சட்டங்களில், ஒவ்வொன்றிலும் பாதிக் கனத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே மட்டத்தில் படிந்து உட்காரும். நாரின் பக்கம் நாரின் பக்கத்தோடு சேருவதால் பசையும் நன்றாகப் பிடிக்கும்.

ஒரு கட்டையை மற்றதன் மேல் குறுக்காக வைத்து, மூலைமட்டத்தால் நேர்பார்த்து, இரு ஓரத்தையும் கத்தியால் கீறுங்கள். கோடுகளை இரண்டு பக்க ஓரங்களுக்கும் இறக்குங்கள். அப்புறம் ஆழம். மார்க்கிங் கேஜை ஏறக்குறைய பாதிக்கு வைத்து, ஓரத்தில் மேல்முகத்திலிருந்து ஒரு புள்ளி, கீழ்முகத்திலிருந்து ஒரு புள்ளி குத்துங்கள். இரண்டு புள்ளியும் தள்ளி விழுந்தால் இடைவெளியின் நடுவுக்குக் கேஜை நகர்த்தி மறுபடி குத்துங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழும்போது அதுதான் சரிபாதி. டேப்பே வேண்டியதில்லை. சரிபாதி கிடைத்ததும் இரண்டு கட்டையிலும் ஆழக் கோட்டைத் தங்கள் நல்ல முகத்திலிருந்தே எடுங்கள். ஒன்றில் மேல்பாதி போகும், மற்றதில் கீழ்ப்பாதி போகும்.

இரு ஓரக் கோட்டிலும் உள்பக்கமாக ரம்பத்தை ஆழக் கோடு வரை இறக்குங்கள். நடுவிலும் இரண்டு மூன்று அறுப்பு போட்டால் உளி வேலை லேசாகும். பிறகு உளியால் ஒரு பக்கமிருந்து நடுவரை, மறுபக்கமிருந்து நடுவரை எடுங்கள். ஒரே பக்கமிருந்து முழுக்கத் தள்ளினால் எதிர் ஓரம் பிய்ந்து போகும். இரண்டு பக்கமும் எடுத்தபின் நடுவில் ஒரு மேடு நிற்கும். அதைக் கொட்டாப்புளி இல்லாமல், கையால் மட்டும் உளியைத் தள்ளி மெல்லிசாகச் சீவுங்கள். மூலைமட்டத்தின் தகட்டைப் பள்ளத்தில் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும்.

கையால் அழுத்தி, கடைசியில் லேசாகத் தட்டினால் உட்கார வேண்டும். ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் எங்கேயோ ஓர் ஓரத்தில் கோட்டைத் தாண்டி மரம் மிச்சமிருக்கிறது. கழற்றிப் பாருங்கள், உரசிய இடம் பளபளவென்று காட்டிக்கொடுக்கும். அங்கே மட்டும் சீவுங்கள்.

கழுந்தும் துளையும்

மேசை, நாற்காலி, கட்டில், கதவு, நிலை எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. ஒரு கட்டையின் நுனியை மெலிதாக்கியது கழுந்து, சில பட்டறைகளில் நாக்கு என்பார்கள். அது போய் உட்காரும் செவ்வகக் குழி துளை. ஐடிஐயில் படித்தவர்கள் மார்ட்டிஸ், டெனன் என்பார்கள். மற்ற இணைப்புகளை வேகமாகக் கடந்துபோனாலும் பரவாயில்லை, இதில் மட்டும் நேரம் செலவிடுங்கள். இது கைக்கு வந்துவிட்டால் நீங்கள் செய்கிற நாற்காலியில் வீட்டுக்கு வந்தவர்களைத் தைரியமாக உட்காரச் சொல்லலாம்.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்து, இரு பக்கமும் மிச்சமிருப்பது துளையின் சுவர். ஒன்றரை அங்குலம் என்றால் 12 நூல், மூன்றில் ஒன்று 4 நூல், அதாவது அரை அங்குல உளி. பிளேனிங் போட்டுக் கட்டை 11 நூலாக வந்திருந்தாலும் அதே உளியைத்தான் பயன்படுத்தப்போகிறீர்கள். ஆகவே துளையின் அகலத்தை உங்கள் உளி முடிவு செய்யட்டும். உளியின் வாய் அகலத்தையே மார்க்கிங் கேஜின் இரண்டு முள்ளுக்கும் நடுவில் பிடித்து இடைவெளியை வையுங்கள். ஒரே முள் உள்ள கேஜ்தான் இருக்கிறது என்றால் இரண்டு தடவையாகக் கோடு எடுக்கலாம்.

எப்போதும் துளையை முதலில் வெட்டுங்கள். துளையின் அகலத்தைப் பிறகு திருத்துவது கஷ்டம். கழுந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் சீவிச் சரிசெய்யலாம்.

1. துளை வருகிற இடத்தைக் குறியுங்கள். காலின் உச்சிக்குப் பக்கத்தில் துளை வருமானால், காலை ஓர் அங்குலம் நீளமாக விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உளி அடிக்கும்போது உச்சி பிளந்துகொள்ளும். இணைப்பு முடிந்தபின் மிச்சத்தை அறுத்துவிடலாம்.

2. கட்டையை மேசையின் காலுக்கு நேர்மேலே வைத்து கிளாம்ப் போடுங்கள். மேசையின் நடுவில் வைத்தால் பாதி அடி மேசை துள்ளுவதிலேயே போய்விடும்.

3. துளையின் நடுவில் ஆரம்பியுங்கள். உளியின் சாய்ந்த முகம் நடுவைப் பார்க்கட்டும். ஒரு அடி, கொஞ்சம் பின்னால் நகர்ந்து இன்னொரு அடி, இப்படியே ஒரு முனையை நோக்கிப் போனால் பள்ளம் படிப்படியாக ஆழமாகும். பிறகு உளியைத் திருப்பி மறு முனையை நோக்கி. இரு முனையிலும் அரை நூல் அளவு மரத்தை விட்டுவைத்திருங்கள். சிராயைக் கிளறி வெளியே தள்ளும்போது உளி அந்த முனையில்தான் ஊன்றும், அங்கே நசுங்கினால் பரவாயில்லை. ஆழம் வந்தபின் கடைசியாக அதை நேர்க்கோட்டில் இறக்கிவிடுங்கள்.

4. துளை மறுபக்கம் வரை போகிறதென்றால் பாதி ஆழத்தில் நிறுத்திக் கட்டையைத் திருப்பி, மறுபக்கமிருந்து வந்து சேருங்கள். பாதியோடு நிற்கும் துளையென்றால் உளியில் ஆழத்துக்கு ஒரு டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். துளை கழுந்தின் நீளத்தைவிட அரை நூல் கூடுதல் ஆழமாக இருக்கட்டும், மிஞ்சிய பசை தங்க இடம் வேண்டும். டிரில் வைத்து வரிசையாக ஓட்டை போட்டுவிட்டு உளியால் சதுரமாக்குவதும் நல்ல வழிதான். டிரில் செங்குத்தாக இறங்குகிறதா என்று பக்கத்தில் மூலைமட்டத்தை நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. இப்போது கழுந்து. முள் இடைவெளியை மாற்றாமல், அதே கேஜால், நல்ல முகத்திலிருந்து நுனியிலும் இரு ஓரங்களிலும் கோடு எடுங்கள். கட்டை மெலிந்து கழுந்தாகத் தொடங்குகிற படிக்குத் தோள் என்று பெயர். அது வருகிற இடத்தை நான்கு பக்கமும் கத்தியால் சுற்றிக் கீறுங்கள். சுற்றி வந்த கீறல் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். முடியாவிட்டால் கட்டை சதுரமாக இல்லை என்று அர்த்தம்.

6. முதலில் நீளவாக்கு அறுப்பு. கட்டையைச் சாய்த்து நிறுத்தி, உங்களுக்குத் தெரிகிற மூலையிலிருந்து இரண்டு கோட்டையும் ஒரே சமயத்தில் பார்த்தபடி அறுங்கள். திருப்பி வைத்து மறுபக்கமும் அப்படியே. கடைசியில் கட்டையை நேராக நிறுத்தினால் நடுவில் மிச்சமிருப்பதை அறுக்கும்போது, ஏற்கெனவே போட்ட இரண்டு பள்ளமும் ரம்பத்துக்கு வழிகாட்டும்.

7. தோள் வெட்டுவதற்கு முன், கத்திக் கீறலுக்கு வெளியே, நீக்க வேண்டிய பக்கமிருந்து உளியால் ஒரு சின்னச் சரிவு எடுங்கள். ரம்பம் வழுக்காமல் அந்தப் பள்ளத்திலேயே ஓடும். முடிந்த சாமானில் கண்ணுக்குத் தெரிவது இந்தத் தோள் ஒன்றுதான். அங்கே ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் முழு வேலையும் குறையாகத் தெரியும்.

பொருத்திப் பார்க்கும்போது, கழுந்தின் இரண்டு அகன்ற முகமும் துளைச் சுவரோடு இழைந்து போக வேண்டும். பசை பிடிப்பது அங்கேதான். மேலும் கீழும் கொஞ்சம் தளர்வாக இருந்தால் பாதகமில்லை, துளையின் அந்த இரண்டு பக்கமும் அறுத்த முனைகள்தான். கையால் தள்ளிப் பாதி தூரம், கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி மீதி தூரம் போனால் சரியான இறுக்கம். அதைவிட இறுக்கமாக ஏற்றினால் துளைச் சுவர் பிளக்கும். தளர்ந்துவிட்டதென்றால் இழைப்புளிச் சுருள் ஒன்றைக் கழுந்தின் முகத்தில் பசை வைத்து ஒட்டி, காய்ந்தபின் மறுபடி சீவிப் பொருத்தலாம். மரத்தூளையும் பசையையும் பிசைந்து அடைப்பதை நான் ஏற்பதில்லை. அது கண்ணை மறைக்கும், சுமையைத் தாங்காது.

மூங்கில் ஆணியும் ஆப்பும்

பழைய நிலைகளின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. துளையுள்ள கட்டையில், பக்கவாட்டில், கால் அங்குல டிரில்லால் ஓர் ஓட்டை போடுங்கள். கழுந்தை முழுக்க உள்ளே ஏற்றி, தோள் இறுகப் படிந்தபின், அதே டிரில் முனையால் கழுந்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். கழற்றிவிட்டு, கழுந்தில் போடும் ஓட்டையை அந்தப் புள்ளியிலிருந்து தோள் பக்கமாக ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்கள். மறுபடி சேர்த்து ஆணியை அடிக்கும்போது இரண்டு ஓட்டையும் நேராக வர முயலும், அதனால் கழுந்து உள்ளே இழுபட்டுத் தோள் இறுகும். கிளாம்ப் இல்லாத காலத்தில் கிளாம்ப் செய்யும் வேலையை இந்த ஒரு மில்லிமீட்டர்தான் செய்தது.

தள்ளி வைக்கும் அளவை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், ஆணி உடையும் அல்லது கழுந்து கிழியும். ஆணிக்கு முற்றிய மூங்கிலை எடுங்கள். ரம்பத்தால் அறுக்காமல் கத்தி வைத்துப் பிளந்து எடுத்தால் நார் அறுபடாமல் முழு நீளத்துக்கும் ஓடும். வெளித்தோல் பக்கம்தான் கெட்டி, அதை ஆணியில் விட்டுவைத்து உள்பக்கத்தைச் சீவுங்கள். நுனியைக் கூராக்கினால் வளைந்த ஓட்டைக்குள் வழி கண்டுபிடித்துப் போகும்.

கழுந்து மறுபக்கம் வரை போகிறதென்றால் ஆப்பும் அடிக்கலாம். கழுந்தின் நுனியில் ரம்பத்தால் ஒரு பிளவு போட்டு, பசை தடவி ஏற்றியபின் அதில் மெல்லிய ஆப்பை இறக்குவது. இங்கே திசையில் கவனம் வேண்டும். ஆப்பு கழுந்தை விரிக்கும்போது அந்த அழுத்தம் துளையுள்ள கட்டையின் நீளவாக்கில் போக வேண்டும். அகலவாக்கில் போனால் அந்தக் கட்டையைப் பிளந்துவிடும்.

காடியும் நடுப்பலகையும்

கதவுகளிலும் அலமாரிகளிலும் சுற்றிச் சட்டம், நடுவில் பலகை என்று பார்த்திருப்பீர்கள். சட்டத்தின் உள் ஓரத்தில் நீளமாக ஓடும் பள்ளம் காடி. கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலம், 3 நூல் ஆழம் போதும். காடி இழைப்புளி இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் கேஜால் இரண்டு கோடு ஆழமாகக் கீறி, நடுவே உள்ள மரத்தை உளியால் பொறுமையாக எடுக்கலாம். ஒரு நாளில் நாலு சட்டத்துக்கு எடுத்துவிடலாம்.

முக்கியமானது, நடுப்பலகைக்குப் பசை வைக்கவே கூடாது. மூலைகளில் இருக்கும் கழுந்துக்கு மட்டும் பசை. பலகை காடிக்குள் சுதந்திரமாக விரியவும் சுருங்கவும் வேண்டும். பசை வைத்துப் பூட்டிவிட்டால் ஏதோ ஒரு கோடையில் நடுவே நீளமாக வெடிக்கும். மழைக்காலத்தில் செய்கிறீர்களென்றால் பலகை ஏற்கெனவே விரிந்திருக்கும், காடிக்குள் கிட்டத்தட்ட முழுக்கப் போகும் அளவில் வெட்டலாம். நல்ல கோடையில் செய்தால் அகலவாக்கில் ஒரு நூலாவது இடம் விடுங்கள். பலகைக்குப் பாலிஷை அதன் ஓரம் உட்பட, காடியில் ஏற்றுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு சுருங்கினாலும் பாலிஷ் போடாத வெள்ளைக் கோடு வெளியே தெரியாது.

புறாவால்

பெட்டிக்கும் மேசை இழுப்பறைக்கும் உரியது. ஒரு பலகையின் முனையில் வெளிப்பக்கம் விரிந்த வால்கள், மற்றதில் அவற்றுக்கு இடைப்பட்ட முளைகள். சேர்ந்தபின் ஒரு திசையில் எவ்வளவு இழுத்தாலும் கழலாது. அதனால் இழுப்பறையில் வால்களைப் பக்கப் பலகையிலும் முளைகளை முன்பலகையிலும் வையுங்கள். நீங்கள் கைப்பிடியை இழுக்கிற ஒவ்வொரு முறையும் சுமை வந்து சேருவது வால்களின் சரிவில்தான்.

சரிவு மென்மரத்தில் 6-க்கு 1, கெட்டி மரத்தில் 8-க்கு 1. அதாவது 6 பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு சாய்வு. ரொம்பச் சாய்த்தால் வாலின் கூர்மூலை உடைந்துவிடும், சாய்வு போதாவிட்டால் பிடிப்பிருக்காது. முதலில் 4 அங்குல அகலம், அரை அங்குலக் கனமுள்ள இரண்டு பலகையில் இரண்டே வால் வெட்டிப் பாருங்கள். இரு ஓரத்திலும் அரை முளை வரும்படி வரையுங்கள். ஓரத்தில் வாலை வைத்தால் அது பிய்ந்துவிடும்.

மார்க்கிங் கேஜை எதிர்ப்பலகையின் கனத்துக்கு வைத்து இரண்டு பலகையின் முனையையும் சுற்றி அடிக்கோடு எடுங்கள். வால்களை முதலில் அறுங்கள். இந்த அறுப்பு வரைந்த சரிவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் கெடுதல் இல்லை, முளையை இதைப் பார்த்துத்தானே வரையப்போகிறோம். ஆனால் முனைக்குச் செங்குத்தாகப் போக வேண்டும், அதில் தளர்வு கூடாது.

இடையில் உள்ள மரத்தை எடுக்கும்போது உளியை அடிக்கோட்டிலேயே வைத்து ஓங்கி அடிக்காதீர்கள். சாய்ந்த முகம் மரத்தைப் பின்னால் தள்ளுவதால் உளி கோட்டைத் தாண்டி உள்ளே போகும். அரை நூல் முன்னாலேயே வெட்டி, பாதி ஆழம் போனதும் திருப்பி மறுபக்கமிருந்து வாருங்கள். எல்லாம் எடுத்தபின் கோட்டில் உளியை வைத்து மெல்லிசாக இறக்குங்கள்.

அப்புறம் வால் பலகையை முளைப் பலகையின் முனையில் படுக்க வைத்து, அசையாமல் பிடித்து, ஒவ்வொரு வாலின் ஓரத்தையும் கத்தியால் கீறி மாற்றுங்கள். கத்தி வாலை ஒட்டியே போக வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையில்தான் புறாவாலின் அழகு முழுவதும் இருக்கிறது. நாலு மூலைக்கும் எண் போட்டு வையுங்கள், ஒரு மூலையின் வால் இன்னொரு மூலைக்குப் பொருந்தாது. முளைகளை அறுக்கும்போது கீறலுக்கு வெளியே, நீக்க வேண்டிய பக்கம், கோட்டை அப்படியே விட்டு அறுங்கள். முழுக்க ஏற்றிப் பார்ப்பதைப் பலமுறை செய்ய வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நார் நசுங்கிக் கொஞ்சம் தளரும். மூன்றில் ஒரு பங்கு ஏற்றிப் பார்த்து, உரசும் இடத்தைச் சீவி, பசையோடு ஒரேயடியாக உட்கார வைத்துவிடுங்கள். சின்ன இடைவெளி தெரிந்தால் அதே மரத்தில் மெல்லிய சீவலை எடுத்துப் பசையோடு செருகி, காய்ந்தபின் சமமாக்குங்கள்.

பிளைவுட்டில் இவை எதையும் இப்படியே செய்ய முடியாது. அதன் அடுக்குகளில் நார் மாறி மாறி ஓடுவதால் கழுந்தும் வாலும் ஓரத்தில் உதிரும். பிளைவுட்டுக்குக் காடியும் ஸ்க்ரூவும்தான் பொருத்தம்.

பசை வைக்கும் நாள்

முதலில் பசையில்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். கிளாம்ப் எங்கே வரும், அதன் வாய்க்கும் மரத்துக்கும் நடுவில் வைக்கத் துண்டுக் கட்டை இருக்கிறதா, தட்ட கொட்டாப்புளி கைக்கு எட்டுகிறதா, துடைக்க ஈரத்துணி இருக்கிறதா என்று எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பெவிகால் போன்ற வெள்ளைப் பசை நம் ஊர் வெயிலில் சீக்கிரம் இறுகத் தொடங்கிவிடும், பத்து நிமிடத்துக்குள் எல்லாம் இடத்தில் இருக்க வேண்டும். காலையிலோ மாலையிலோ வைத்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

துளைச் சுவரிலும் கழுந்தின் முகத்திலும் ஒரு குச்சியால் மெல்லிசாகத் தடவுங்கள். குழிக்குள் ஊற்றினால் பசை அடியில் தேங்கிக் கழுந்தை முழுக்க இறங்க விடாது. கிளாம்பை இறுக்கியதும் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் சமமாக இருந்தால் சட்டம் சதுரம். இல்லையென்றால் நீளமான அளவு எந்தப் பக்கம் வருகிறதோ அந்த இரண்டு மூலைக்கும் நடுவில் கிளாம்பைச் சற்றுச் சாய்த்துப் போட்டு இறுக்கினால் சரியாகிவிடும். பிதுங்கிய பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காத இடத்தில் பாலிஷ் ஏறாது, வெளிறிய திட்டாக நிற்கும்.

சில மணி நேரத்தில் கிளாம்பை எடுக்கலாம், முழு வலிமைக்கு ஒரு நாள் விடுங்கள். ஸ்டூலென்றால் நாலு காலையும் ஒரே நேரத்தில் சேர்க்க முயலாதீர்கள். இரண்டு கால், அவற்றுக்கிடையே வரும் சட்டங்கள், இதை முதல் நாள் ஒட்டுங்கள். எதிர்ப்பக்கத்து ஜோடியையும் அன்றே தனியாக ஒட்டிவிடலாம். மறுநாள் அந்த இரண்டு ஜோடிகளையும் மீதிச் சட்டங்களால் சேர்த்து, சமதரையில் நிறுத்தி, நாலு காலும் படிகிறதா என்று பார்த்துவிட்டு அதன்பின் கிளாம்பை இறுக்குங்கள்.